பெரிய கடல் மீனுக்கு ஸ்பின்னிங் ரீல் வாங்கப் போறீங்களா? அடிக்கடி கேக்கிற கேள்விகளும் என்ர பதிலும்

வெள்ளவத்தையில றெயில் பாதைக்கு அங்கால கல்லுல நிண்டு தூண்டில் போடுற தம்பிமார்ல இருந்து முகத்துவாரத்தில போட் எடுத்து வெளிய போற ஆக்கள் வரைக்கும், ஃபோன் எடுத்தா அரைவாசிப் பேர் ரீல் விசயம்தான் கேக்கிறாங்க. ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தனான். மேற்குக் கரையில நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைக்கும் கடல் அமைதி, அந்த சீசனுக்கு முன்னம் ரீல் வாங்கிற ஆக்களுக்கு உதவட்டும் எண்டு இப்ப எழுதி வைக்கிறன். அவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கிறன்.

அண்ணா, பெரிய மீனுக்கு ஸ்பின்னிங் ரீல் தாங்குமா, இல்ல உருளை மாதிரி இருக்கிற ட்ரோலிங் ரீல்தான் வேணுமா?

தாங்கும். ஆனா நீங்க எப்பிடி மீன் பிடிக்கப் போறீங்க எண்டதை முதல்ல சொல்லுங்க. போட்டை ஓட்டிக்கொண்டே பின்னால இரையை இழுத்துக்கொண்டு போறதெண்டா உருளை ரீல்தான் சரி, அதில லைன் நேரா உள்ள போகுது, வளைவு இல்ல, அதே பலத்துக்கு விலையும் குறைவு. எறிஞ்சு பிடிக்கிறதெண்டா, அதாவது 100, 150 கிராம் பொப்பரை (தண்ணிக்கு மேல சத்தம் போடுற செயற்கை இரை) தூரத்துக்கு வீசிப் பாரையைக் கூப்பிடுறது, சூரைக் கூட்டம் மேல துள்ளேக்க அதுக்குள்ள லுவரை (செயற்கை இரை) போடுறது, இதுக்கெல்லாம் ஸ்பின்னிங்தான். ஸ்பூல், அதாவது லைன் சுத்தியிருக்கிற பாகம், அசையாம நிக்கும், லைன் தானாக் கழண்டு போகும், காத்துக்கு எதிராயும் எறியலாம்.

ஜிக் அடிக்கிறதுக்கு, அதாவது பாரமான உலோக இரையை ஆழத்துக்கு இறக்கி இழுத்து இழுத்து எடுக்கிறதுக்கு, ரெண்டும் ஓகே. ஒரே ஒரு ரீல்தான் வாங்குவன், எல்லாத்துக்கும் அதுதான் எண்டு சொல்லுற ஆக்களுக்கு நான் ஸ்பின்னிங்கைத்தான் சொல்லுவன்.

நானா, 14000, 8500, 20000 எண்டெல்லாம் போட்டிருக்கே, பெரிய நம்பர் எண்டா பெரிய ரீலா?

ஒரே கம்பனிக்குள்ள ஆமா. கம்பனிக்குக் கம்பனி ஒப்பிட ஏலாது. ஷிமானோவின்ட 8000உம் பென்னின்ட 8500உம் ஒரே அளவில்ல, டாய்வா பழைய மொடலுக்கு ஒரு விதமாவும் புது மொடலுக்கு வேற விதமாவும் நம்பர் போட்டிருக்கு. சப்பாத்துக்குச் சைஸ் மாதிரி ஒரு பொது அளவு இதில இல்ல. அதால நம்பரை விட்டுட்டு ஸ்பூல்ல எழுதியிருக்கிற லைன் கணக்கைப் பாருங்க, எத்தனை பிஈ எத்தனை மீட்டர் எண்டு இருக்கும். ரீலின்ட உண்மையான சைஸ் அதுதான்.

பிஈ எண்டா என்ன? றாத்தல் கணக்கும் அதுவும் ஒண்டா?

ஒண்டில்ல. றாத்தல் எண்டது லைன் எவ்வளவு பாரத்தில அறும் எண்டது. பிஈ எண்டது ஜப்பான்காரர் பிரெயிட் லைனின்ட (பின்னின லைன்) தடிப்புக்குப் போடுற நம்பர். பிஈ 1 எண்டா 0.165 மில்லிமீட்டர், பிஈ 4 எண்டா 0.33, பிஈ 8 எண்டா 0.47 கிட்ட. நம்பர் நாலு மடங்காகேக்க தடிப்பு ரெண்டு மடங்குதான் ஆகும், ஏனெண்டா அது லைனின்ட குறுக்கு வெட்டுப் பரப்பைக் காட்டுது. பிஈ 8 நல்ல லைன் 80 தொடக்கம் 100 றாத்தல் வரைக்கும் தாங்கும், அதே தடிப்பில தங்கூசி (நைலோன் லைன்) எடுத்தா மூண்டில ஒரு பங்கு தாங்கினாலே பெரிய விசயம்.

இதில ஒரு சுகமான கணக்கு இருக்கு, கனபேருக்குத் தெரியாது. ஒரு ஸ்பூலுக்குப் பிஈ நம்பரையும் மீட்டரையும் பெருக்கினா வாற எண் மாறாது. 300 மீட்டர் பிஈ 8 பிடிக்கிற ஸ்பூல் எண்டா 2400. அதே ஸ்பூல்ல பிஈ 6 எண்டா 400 மீட்டர், பிஈ 4 எண்டா 600 மீட்டர் போகும். கடைக்காரர் சொல்லுறதைக் கேக்காம நீங்களே கணக்குப் பாத்துக்கொள்ளலாம்.

அப்ப எந்த மீனுக்கு எவ்வளவு லைன்? அதைச் சொன்னா ரீலை நானே பாத்துக்கொள்ளுவன்.

இப்பிடித்தான் யோசிக்க வேணும். மீன், பிறகு லைன், பிறகு ஸ்பூல், கடைசியாத்தான் ரீல். கனபேர் ரீலை வாங்கிப்போட்டு அதுக்கு மீன் தேடுறாங்க.

கரையில நிண்டு சின்னப் பாரை, சீலாவுக்கு எறியிறதெண்டா பிஈ 2 இல்லாட்டி 3, 250 மீட்டர் போதும், அதுக்கு இந்த ஹெவி ரீல் ஒண்டும் தேவையில்ல, கை உளைஞ்சு போகும். கொழும்புக்கு வெளிய பழைய கப்பல் தாண்டு கிடக்கிற இடங்கள்ல, கற்பிட்டிப் பக்கம், திருகோணமலையில எல்லாம் ஜிக் அடிக்கிறதுக்குப் பிஈ 4 இல்லாட்டி 5, 300 தொடக்கம் 400 மீட்டர். அறக்குளாவுக்கும் அது காணும், ஆனா அதின்ட பல்லு லைனை வெட்டும், கம்பி லீடரை (லைன் நுனியில கட்டுற கம்பித் துண்டு) மறக்காதீங்க. பெரிய பாரைக்குப் பொப்பர் எறியிறதெண்டா பிஈ 8, 300 மீட்டர். பாரை தூரமா ஓடுற மீனில்ல, நேரா கல்லுக்குள்ள போற மீன். அதை நிப்பாட்ட வேணும், அதால லைன் தடிப்பா இருக்க வேணும், நீளம் அவ்வளவு முக்கியமில்ல. கெலவல்லா எண்டு நாங்க சொல்லுற மஞ்சள் செட்டைச் சூரை இதுக்கு நேர் எதிர். அது கல்லைத் தேடாது, ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், அதுக்குப் பிஈ 6, 400 மீட்டருக்குக் குறையாம வேணும்.

பாரையின்ட பெரிய அளவு தெரிய விரும்புற ஆக்களுக்கு: தூண்டில்ல பிடிச்சதில உலக ரெக்கோர்ட் 72.8 கிலோ, 2006ல ஜப்பானின்ட டொகாரா தீவுப் பக்கம் பிடிச்சது. எங்கட பக்கம் 20 கிலோ ஒண்டு வந்தாலே கை நடுங்கும்.

பெட்டியில மாக்ஸ் ட்ராக் 25 கிலோ எண்டு போட்டிருக்கு, மத்தது 15 கிலோதான். 25 கிலோதானே நல்லது?

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவும் எழுத வெளிக்கிட்டனான் எண்டு சொன்னாலும் சரி.

ட்ராக் எண்டது மீன் இழுக்கேக்க லைன் அறாம, ஸ்பூலை இறுக்கத்தோட சுழல விடுற பிரேக். முதல்ல, ஆர் 25 கிலோவைப் பிடிக்கப் போறது? வழமையா ட்ராக்கை லைன் அறுற பாரத்தின்ட நாலில ஒண்டு, கூடினா மூண்டில ஒண்டுக்கு வைக்கிறது. 80 றாத்தல் லைன் 36 கிலோ, நாலில ஒண்டு 9 கிலோ. ஒருக்கா வீட்டில செய்து பாருங்க: லைனைத் தொங்கு தராசில கட்டி ஒராளைப் பிடிக்கச் சொல்லிப்போட்டு, ரொட்டை வளைச்சு 9 கிலோ வரைக்கும் இழுங்க. அசையாத தரையிலயே இடுப்பு கதைக்கும், ஆடுற போட்டில எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. அப்ப 15 கிலோ ட்ராக் உங்களுக்குத் தாராளமாக் காணும்.

ரெண்டாவது, மீன் ஓட ஓட ட்ராக் தானாக் கூடும். லைன் போகப் போக ஸ்பூல்ல மிச்சம் இருக்கிற சுத்தின்ட விட்டம் குறையுது, அதே பிடியை இழுக்க மீனுக்குக் கூடப் பலம் வேணும். நிறைஞ்ச ஸ்பூல் 70 மில்லிமீட்டர், நீங்க 8 கிலோ வைச்சிருக்கிறீங்க எண்டு வையுங்க, 50 மில்லிமீட்டருக்கு இறங்கேக்க அது 11 கிலோவுக்கு மேல. நீங்க ஒண்டும் தொடேல்ல. அந்த நேரத்தில பயந்து ட்ராக்கை இன்னும் இறுக்கிற ஆக்கள்தான் மீனை விடுறாங்க, தயவு செய்து இறுக்காதீங்க.

மூண்டாவது சூடு. 10 கிலோ ட்ராக்குக்கு எதிரா ஒரு மீன் செக்கனுக்கு 5 மீட்டர் ஓடினா கிட்டத்தட்ட 500 வாட் சூடு அந்தச் சின்ன வொஷர்களுக்குள்ள உண்டாகுது, ஆயிரம் வாட் அயன் பெட்டியின்ட பாதி. சின்ன ரீல்ல ட்ராக் முதல் ஓட்டத்தில நல்லா இருந்து ரெண்டாவது ஓட்டத்தில விக்கி விக்கிப் போறது இதாலதான். பெரிய ரீல், அகலமான கார்பன் வொஷர், சூட்டை வெளிய கொண்டு போற உலோக ஸ்பூல், நீங்க காசு குடுக்கிறது இதுக்குத்தான். கடையில லைனைக் கட்டி மெதுவா இழுத்துப் பாருங்க, ஸ்பூல் வெளிக்கிடேக்க ஒரு குலுக்கு இருந்தா அந்த ரீல் வேண்டாம். லைன் அறுறது கூடுதலா அந்த முதல் குலுக்கிலதான்.

எத்தனை பெயாரிங் இருந்தா நல்லம்?

எண்ணாதீங்க. நல்ல 6, 8 பெயாரிங் மூடி அடைச்சதா இருந்தா மலிவு 14ஐ விட நல்லம். உப்புக் கடலுக்கு ஒவ்வொரு பெயாரிங்கும் துருப்பிடிக்க ஒரு இடம்.

ஹைகியர் வாங்கவா, பவர்கியர் வாங்கவா?

கியர் ரேஷியோவை, அதாவது கைபிடி ஒருக்காச் சுத்தேக்க ரோட்டர் (ஸ்பூலைச் சுத்தி ஓடி லைனைச் சுத்துற பாகம்) எத்தனை தரம் சுத்தும் எண்டதை, ஸ்பூலின்ட சுத்தளவோட பெருக்கினா ஒரு சுத்துக்கு எவ்வளவு லைன் வரும் எண்டு தெரியும். 70 மில்லிமீட்டர் ஸ்பூல்ல 4.9 (பவர்கியர்) எண்டா ஒரு சுத்துக்கு 108 சென்ரிமீட்டர், 6.2 (ஹைகியர்) எண்டா 136. வேகமான கியர்ல லுவரை வேகமா ஓட்டலாம், மீன் உங்களுக்கு நேரா ஓடி வந்தா லைன் தளராமப் பிடிக்கலாம், ஆனா பாரத்தோட சுத்துறது கஷ்டம். ஆழத்தில ஜிக் அடிக்கிற ஆளுக்கும் கெலவல்லாவைக் கீழ இருந்து தூக்கிற ஆளுக்கும் பவர்கியர். பொப்பர் எறியிற ஆளுக்கு ஹைகியர், ஏனெண்டா பொப்பரை இழுத்துப்போட்டு தளர்ந்த லைனை உடன எடுக்க வேணும்.

பிளாஸ்டிக் பொடி மாதிரி இருக்கு, பாரம் இல்ல, அலுமினியம்தான் வேணுமா?

இந்த அளவு மீனுக்கு அலுமினியம்தான். பாரம் விழேக்க பொடி கொஞ்சம் வளைஞ்சாலே உள்ள இருக்கிற ரெண்டு கியரும் சரியாப் பொருந்தாது, பல்லு தேயும், பிறகு கற்கற எண்டு சத்தம் தொடங்கும். செய்து பாக்கிறது சுகம்: ரீலின்ட காலைப் பிடிச்சுக்கொண்டு மத்தக் கையால ரோட்டரைப் பக்கவாட்டில தள்ளிப் பாருங்க, ஆடினா விட்டுடுங்க. கைபிடி உள்ள திருகி இறுகிற மாதிரி இருக்கிறதை எடுங்க, வெறும் சதுரக் கம்பியைக் குத்தி வெளிய நட்டுப் போட்டது நாள்போக ஆடும்.

அலுமினியத்துக்கும் ஒரு வருத்தம் இருக்கு. அதுக்குள்ள போற ஸ்டீல் ஸ்குரூவும் அதுவும் உப்புத் தண்ணியோட சேர்ந்தா அலுமினியம் வெள்ளையாப் பூத்து அரிக்கும், ஸ்குரூ பிறகு கழராது. புது ரீலுக்கே வெளி ஸ்குரூ எல்லாத்தையும் ஒருக்காக் கழட்டித் துளி கிறீஸ் பூசிப் பூட்டுங்க.

வோட்டர்ப்ரூஃப் எண்டு சொல்லித்தான் வாங்கினனான், தண்ணிக்குள்ள முக்கலாமா?

முக்காதீங்க. பென் ஸ்பின்ஃபிஷர் 6வது மொடலுக்கு ஐ.பி.எக்ஸ் 5, ஸ்லாமர் 4வது மொடலுக்கு ஐ.பி.எக்ஸ் 6. இந்த 5உம் 6உம் சொல்லுறது தண்ணி பீச்சி அடிச்சா தாங்கும் எண்டதுதான், முங்கினா தாங்கும் எண்டு இல்ல. முங்குறதுக்கு 7, 8 எண்டு வேற நம்பர். போட்டில அலை அடிச்சு நனைஞ்சா பயப்பிட வேண்டாம், கல்லுல நிண்டு ரீலோட கழுத்தளவு தண்ணிக்குள்ள இறங்குற வேலைக்கு இது இல்ல, அதுக்கு வான் ஸ்டால் மாதிரி முழுசா அடைச்ச ரீல் இருக்கு, விலை வேற மட்டம்.

சரி, ஒரே வார்த்தையில சொல்லுங்க அண்ணா, எந்த பிராண்ட்?

ஒரே வார்த்தையில ஏலாது, காசை வைச்சுத்தான் சொல்லலாம். ஷிமானோ ஸ்டெல்லா எஸ்டபிள்யூ, டாய்வா சால்டிகா ரெண்டும் உச்சி. ஸ்டெல்லா பெரிய சைஸ் வெளிநாட்டிலயே ஆயிரம் டொலருக்கு மேல, 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போன பிறகு அதை ரூபாயில நினைக்கவே மனம் வராது. நடுவில பென் ஸ்லாமர், ஷிமானோ சாரகோசா, ரெண்டும் வேலை செய்யிற ரீல், நான் ஆருக்கும் முதல்ல சொல்லுறது இந்த மட்டத்தைத்தான். காசு குறைவெண்டா டாய்வா பிஜி, நூறு சொச்சம் டொலருக்கு அலுமினியப் பொடியோட அந்த ரீல் தாற பலம் பெரிசு, ஆனா சீல் குறைவு, கவனமாப் பாக்க வேணும்.

காசு மட்டெண்டா மலிவு ரீலும் விலை கூடின லைனும் எடுங்க. விலை கூடின ரீல்ல பழைய லைனைச் சுத்திக்கொண்டு போறது பிழை.

கனடால இருந்து பெரியண்ணா வாறார், கொண்டு வரச் சொல்லவா? இங்க வாங்கவா?

கொண்டு வந்தா விலை குறையும், நல்லம். மூண்டு விசயம் மட்டும் சொல்லி விடுங்க. ரெண்டாவது ஸ்பூல் ஒண்டு சேர்த்து வாங்கச் சொல்லுங்க, இங்க தேடினா கிடைக்காது. ட்ராக் வொஷர் ஒரு செட்டும் பெயிலின்ட (லைனைப் பிடிச்சு ஸ்பூல்ல சுத்துற கம்பி வளைவு) ஸ்பிரிங்கும் சேர்த்து, சின்னச் சாமான்தான், ஆனா அது இல்லாம சீசன் முழுக்க ரீல் அலுமாரியில கிடக்கும். ஓன்லைன்ல நம்பேலாத அளவுக்கு விலை குறைவாக் கிடந்தா வாங்க விடாதீங்க, போலி ஸ்டெல்லா நான் கையால தொட்டுப் பாத்திருக்கிறன், வெளித்தோற்றத்தில பிடிபடாது, பாரத்தில பிடிபடும்.

பொப்பரை எறியேக்க நடுவானத்தில லைன் அறுந்து பொப்பர் பறந்து போகுது, லைன் பிழையா?

கூடுதலா லைன் பிழையில்ல, பெயில்தான். எறியிற வேகத்தில பெயில் தானா மூடுப்பட்டா 100 கிராம் பொப்பர் ஒரு நொடியில நிக்கும், எந்த லைனும் அறும். எறிய முதல் ரோட்டரை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில நிப்பாட்டி, பெயில் பாரமான பக்கம் கீழ வராத மாதிரிப் பாத்து எறியுங்க. பெரிய ரீல் சிலதுல கைபிடி சுத்தினாலும் மூடாது, கையால மட்டும்தான் மூடலாம், பொப்பர் ஆளுக்கு நான் அதைத்தான் விரும்புறன்.

மீன் ஓடேக்க நானும் விடாம சுத்தினனான், பிறகு லைன் எல்லாம் சுருண்டு சிக்கல், ஏன்?

ட்ராக் போய்க்கொண்டிருக்கேக்க சுத்தினா லைன் உள்ள வராது, முறுக்குத்தான் ஏறும். ரோட்டர் ஒரு சுத்துக்கு ஒரு முறுக்கு. ரேஷியோ 5 எண்டா கைபிடியை 20 தரம் சுத்தினாலே 100 முறுக்கு. மீன் ஓடேக்க கையை எடுங்க. அது நிண்டதும் ரொட்டை மெதுவாத் தூக்குங்க, இறக்கேக்க மட்டும் சுத்துங்க. முறுகின லைனை, போட் மெதுவாப் போகேக்க, நுனியில ஒண்டும் கட்டாம 200 மீட்டர் விட்டு இழுத்தா முறுக்கு இறங்கும்.

ட்ராக்கை எவ்வளவு இறுக்கினாலும் லைன் போய்க்கொண்டே இருக்கு, ஆனா ட்ராக் சத்தம் வரேல்ல. ரீல் பழுதா?

ரீல் நல்லா இருக்கு. பிரெயிட் லைன் வழுக்கிற சாமான், உலோக ஸ்பூல்ல நேராக் கட்டினா முழுச் சுத்தும் சேர்ந்து ஸ்பூலுக்கு மேல சுழலும். அடியில பத்து மீட்டர் தங்கூசி சுத்தி அதில பிரெயிட்டைக் கட்டுங்க. சுத்தேக்க ஈரத் துணியால லைனை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு சுத்துங்க, தளர்வாச் சுத்தினா பெரிய மீன் இழுக்கேக்க மேல் சுத்து கீழ் சுத்துக்குள்ள புதைஞ்சு அடுத்த எறியில சிக்கும்.

மீன் இழுக்கேக்க கைபிடி திடீரெண்டு பின்னால சுத்தி விரல்ல அடிச்சுது. இது ஏன்?

இது எனக்கும் நடந்தது, திருகோணமலையில, மேற்கில கடல் கெட்டிருக்கிற ஜூலை மாசம். ஒரு கடையில சர்வீஸ் குடுத்து எடுத்த ரீல், முதல் நாள் முதல் மீன், பாரை, கல்லுப் பக்கம் தலையைத் திருப்பின நேரம் பாத்துக் கைபிடி பின்னால ஒரு அரைச்சுத்துப் போச்சு. அந்த அரைச்சுத்துக் காணும், மீன் கல்லுக்குள்ள, லைன் வெட்டு. கழட்டிப் பாத்தா பின்னால சுத்த விடாம பிடிக்கிற உருளைக் கிளச்சுக்குள்ள தடிச்ச கிறீஸை அப்பி வைச்சிருந்தது. அந்த உருளைகள் வழுக்காம இறுகினாத்தான் வேலை செய்யும், அதுக்குள்ள கிறீஸ் கூடாது, ஒரு துளி மெல்லிய எண்ணெய் மட்டும்.

சர்வீஸ் குடுக்கேக்க இதை வாயால சொல்லிக் குடுங்க. டாய்வா மாக்சீல் இருக்கிற ரீல் எண்டா நீங்களா எண்ணெய் விடவே வேண்டாம், அதுக்குள்ள காந்த எண்ணெய்தான் தண்ணியை மறிக்குது, வேற எண்ணெய் போனா அது கெட்டுப்போகும்.

கடலுக்குப் போட்டு வந்த பிறகு எப்பிடிக் கழுவுறது?

முதல்ல ட்ராக்கை நல்லா இறுக்குங்க, தண்ணி வொஷருக்குள்ள போகாம இருக்க. பூவாளியால ஊத்துற மாதிரி மெதுவா நல்ல தண்ணி, பைப்பை அமத்திப் பீச்சி அடிச்சா உப்பைக் கழுவ மாட்டீங்க, உள்ள தள்ளுவீங்க. துடைச்சு நிழல்ல காய விட்டு, காய்ஞ்ச பிறகு ட்ராக்கைத் தளர்த்தி வையுங்க, இறுக்கின படி மாசக்கணக்கா வைச்சா வொஷர் அமத்துப்பட்டு ஒட்டும், பிறகு நான் சொன்ன முதல் குலுக்கு வரும். கைபிடிக் குமிழ், லைன் ஓடுற உருளை ரெண்டுக்கும் ஒரு துளி எண்ணெய். லைன் உருளை சுத்தாம நிண்டா பிரெயிட் அதில வெட்டுக்குழி போடும், கனபேர் பாக்கிறதே இல்ல.

சுறாவுக்கும் இதே ரீல் காணுமா?

பலத்தில காணும், பிஈ 8உம் நல்ல கம்பியும் இருந்தா. ஆனா வால் நீட்டமான திரெஷர் சுறா, செட்டை நுனி வெள்ளையா இருக்கிற ஓசனிக் வைட்டிப், புள்ளி போட்ட திமிங்கிலச் சுறா மூண்டையும் பிடிக்கிறது இலங்கையில தடை. திரெஷருக்கு 2012ல இருந்து, மத்த ரெண்டுக்கும் 2015ல இருந்து. தற்செயலா மாட்டினா போட்டுக்குள்ள ஏத்தாம லைனை வாய்க்குக் கிட்ட வெட்டி விடுங்க.

ஜப்பானில இருந்து வந்த பழைய ஸ்டெல்லா ஒண்டு, புது சாரகோசா விலைக்கே தாறாங்க. எது?

கஷ்டமான கேள்வி. 2008, 2013 மொடல் ஸ்டெல்லா எஸ்டபிள்யூ இப்பவும் பெரிய ரீல், ஆனா பழைய மொடலுக்குப் பாகம் கிடைக்கிறது வருசத்துக்கு வருசம் குறையுது. கையில எடுத்துச் செய்து பாருங்க: பொடி ஆட்டம், மேல சொன்ன மாதிரி ரோட்டரைத் தள்ளி. ட்ராக் குலுக்கு, லைனை மெதுவா இழுத்து. கைபிடியைப் பின்னால நல்லா அமத்தி, கிளச் வழுக்குதா எண்டு. பிறகு ட்ராக்கை இறுக்கி, ஸ்பூலை ஒரு கையால பாரமாத் தடுத்துக்கொண்டு மத்தக் கையால மெதுவாச் சுத்துங்க, சும்மா சுத்தேக்க வராத கற்கற சத்தம் பாரத்தில வந்தா கியர் தேஞ்சிருக்கு, அதை மாத்துறது சின்னச் செலவில்ல.

எல்லாம் சரி எண்டா, ரீலைத் திறந்து பாக்கத் தெரிஞ்ச ஆள் பக்கத்தில இருந்தா, ஸ்டெல்லாவை எடுங்க. அப்பிடி ஆள் இல்லாட்டி, முதல் பெரிய ரீல் எண்டா, புது சாரகோசா. மிச்சக் காசுக்கு லைன் வாங்குங்க.